சாய்ந்து நின்ற வெள்ளம்

கிருபாபுரத்தின் ஆற்றுத் தெருவில் மட்டும் வெள்ளம் சாய்ந்து நின்றிருந்தது.

பிரத்யும்னன் மறுபடியும் கணக்கிட்டுப் பார்த்தான். தெருவின் தெற்கு முனையில் தேவாலயம். வடக்கு முனையில் தாமிரவருணியின் கரை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வருவதற்குள் தரை ஏறத்தாழ ஏழடி இறங்கிவிடுகிறது. ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மார்கழி வெள்ளத்தின்போது அந்தத் தெருவின் எல்லா வீடுகளிலும் தண்ணீர் மார்பளவு நின்றதாக நிவாரணக் கணக்கெடுப்பு சொன்னது. முதல் வீட்டிலும் மார்பளவு. கடைசி வீட்டிலும் மார்பளவு. அப்படியானால் தண்ணீரின் மேற்பரப்பும் தெருவைப் போலவே ஏழடி சாய்ந்திருக்க வேண்டும். ஆறு ஓடும் திசையில் தண்ணீர் சிறிது சாய்வது இயல்பு. கரையேறி வந்து தேங்கிய தண்ணீர், தெருவின் வாட்டத்தைப் பார்த்துத் தன்னையும் சாய்த்துக்கொள்வது இயல்பன்று.

அலுவலகம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், உப்பு லாரி கடக்கும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிரும் ஒரு மாடியில் இருந்தது. தாமிரவருணியின் கடைசி நீட்சிக்கு வெள்ள அபாய வரைபடம் தயாரிப்பது அங்கே நடந்த வேலை. எவ்வளவு மழைக்கு எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் கணினி சொல்லும். அது சொல்வது சரிதானா என்பதை, உண்மையில் வந்த வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற கறையைக் கொண்டு சோதிக்க வேண்டும். வரைபடத்தில் சிவப்பு விழுந்த இடத்தில் இனி வீடு கட்டக் கூடாது. ஆரஞ்சு விழுந்தால் அடித்தளத்தை உயர்த்திக் கட்டலாம். பச்சை விழுந்தால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

கிருபாபுரத்தில் கறை இல்லை. வெள்ளம் வந்தது கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்னால். சேற்றுக் கோடு போட்ட சுவர்களோடு புத்தாண்டு ஆராதனைக்குப் போவதற்கு அந்த ஊருக்கு மனம் வரவில்லை. சபையார் சுண்ணாம்பு வாங்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். ஆளில்லாத வீடுகளின் வெளிச்சுவர்களுக்கும் வாலிபர் சங்கத்தார் அடித்துக் கொடுத்தார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் சனவரியில், வெள்ளை வெளேரென்ற ஒரு தெருவின் நடுவில் நின்றுகொண்டு, தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். கேட்டதற்குக் கிடைத்த விடைதான் இந்த மார்பளவு.

"அந்தத் தெருவ விடேன், பிரத்யும்னா" என்றார் கமலினி. அவர்தான் திட்டத்தின் தலைவர். "வந்ததிலேயே உயரமான லெவல் எதுவோ அத எடுத்துத் தெரு முழுக்கப் போட்டாச்சு. சேஃபர் சைட்."

"சேஃபர் சைட் யாருக்கு?"

"நமக்குத்தான். வேற யாருக்கு?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மூன்று முறை திருத்தப்பட்ட வரைபடத்தை நான்காம் முறை திருத்த விரும்பாத ஒருவரின் குரலில் சொன்னார். பிரத்யும்னனுக்கும் அந்தக் குரல் பழகியிருந்தது. காலையில் கண்ணாடிமுன் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது அவனுக்கும் அதே குரல்தான் வந்தது. ஆற்றுத் தெரு முழுவதும் சிவப்பாக வரைபடத்தில் ஏறியது. வரைபடம் ஊராட்சி அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்பட்டது.

ஆட்சேபம் சொல்ல அந்தத் தெருவிலிருந்து ஒருவர்தான் வந்தார். தேவமணி என்று பெயர் சொன்னார். ஐம்பத்தைந்தைக் கடந்தவர், பள்ளி விடுதியொன்றில் மேட்ரன். ஏரலில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பது அவர் நாற்காலியில் அமர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"வார மே மாசத்தோட எனக்கு ரிட்டயர்மெண்ட் சார். அன்னைக்கே விடுதி ரூமக் காலி பண்ணணும். பழைய வீடு வெள்ளத்துல விழுந்துட்டு. அதே இடத்துல கட்டுதேன். சுவர் ஏறியாச்சு. இப்பப் பாத்து, அப்ரூவல் கெடையாது, வேலைய நிறுத்துங்காவ. ஒங்க படத்துல எங்க தெரு செவப்பா இருக்காம்."

"மார்பளவு தண்ணி நின்ன இடம் சிவப்புலதான் வரும்மா."

"நிக்கல சார்."

"கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட அப்படித்தான சொல்லியிருக்கீங்க? நீங்களும்தான்."

"சொன்னோம். எல்லாரும் சொன்னோம். அது பொய்."

பிரத்யும்னன் பேனாவைக் கீழே வைத்தான். ஆட்சேபம் சொல்ல வருகிறவர்கள் பலரை அவன் பார்த்திருக்கிறான். கணினியைத் திட்டுவார்கள், அணையைத் திட்டுவார்கள், மேல்கரை ஊர்க்காரர்களைத் திட்டுவார்கள். தாங்கள் சொன்னதே பொய் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

"தண்ணி எவ்வளவு வந்துதுன்னு நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. மழை பேஞ்ச அன்னைக்கு விடுதியில பிள்ளைகளோட இருந்தேன். ரோடு அந்துபோச்சு. ஊருக்கு வர ரெண்டு வாரம் ஆயிட்டு, அதுக்குள்ள எல்லாச் செவருக்கும் வெள்ளையடிச்சிட்டாவ. வந்து பாத்தா வீடு மண்ணோட மண்ணாக் கெடக்கு. பழைய மண்சுவரு, மழையில ஊறி விழுந்துட்டுன்னாவ."

"பின்ன எப்படி மார்பளவு இல்லைன்னு சொல்றீங்க?"

"மேல்முனையில, கோயில் பக்கத்துல தேவபிரசாதம் அண்ணாச்சி வீடு. அவரு வீட்டு ஆர்மோனியம் தரையிலதான் இருக்கும். மார்பளவு தண்ணி நின்னிருந்தா அது முங்கியிருக்கணும்லா? இன்னைக்கும் சாயங்கால ஜெபத்துக்கு அதத்தான் வாசிக்காவ. சுருதிகூட மாறல. அங்கன பொய்யின்னா எங்க வீட்டுலயும் பொய்தான. வந்து அளந்து பாருங்க சார்."

"பொய் சொன்னதுக்கு நடவடிக்கை எடுத்தா?"

"எடுக்கட்டும். நோட்டீஸ் ஒட்டுறதுக்குக் கதவு வேணும்லா, மொதல்ல கதவு வைக்க விடுங்க."

அவன் சிரிக்கவில்லை, ஆனால், மறுநாள் போவதென்று முடிவு செய்தான். அந்தச் சாய்வு அவனை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு தெருவில் ஒரு பிழை என்று தெரிந்தபின், அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போக அவனால் முடியாது. இந்தக் குணத்தால் அவனுக்கு எந்த நன்மையும் விளைந்ததில்லை.

ஆடிக்காற்று. ஏரலைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வாழை இலைகள் நார்நாராகக் கிழிந்து தொங்கின. சர்வேயர் ஜெஃப்ரி வண்டியின் பின்னிருக்கையில், தரைமட்டம் பார்க்கும் லெவல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அளவுகோலான ஸ்டாஃப் கூரையின் கம்பியில் கட்டப்பட்டிருந்தது.

"இந்தக் காத்துல ஸ்டாஃப் எங்க சார் நிக்கும்? அது ஒரு பக்கம் ஆடும், நான் ஒரு பக்கம் ஆடுவேன். நீங்க மெஷின்ல பாத்தா ஊரே ஆடும்."

"நீ ஆடாம பிடி. போதும்."

தேவபிரசாதம் வாசலிலேயே காத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியின் செயலர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கனமாக ஒரு சாவிக்கொத்து. ஊரை விட்டுப் போனவர்கள் வீட்டுச் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவருடைய வீட்டு முன்னறையில், தரையில் விரித்த ஒரு பாயின்மேல், ஆர்மோனியம் இருந்தது. துணிபோட்டு மூடியிருந்தது.

பிரத்யும்னன் நேரடியாகவே கேட்டான். தேவபிரசாதம் சங்கடப்படவில்லை. நன்னாரி சர்பத் வந்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, வகுப்பெடுக்கும் நிதானத்தில் சொன்னார்.

"முன்ன ஒரு தடவ புயல் நிவாரணம் வந்தது சார். ஓடு பறந்த வீட்டுக்கு மட்டும் குடுத்தாவ. கெடச்சவுக ஒரு பக்கம், கெடைக்காதவுக ஒரு பக்கம்னு ஆயிட்டு. கோயில்ல ரெண்டு பெஞ்சு வரிசைக்கும் நடுவுல வாய்க்கா வெட்டுன மாதிரி. நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சு. ஒரு பக்கத்து வீட்டுச் சாவுக்கு மறு பக்கத்துக்காரன் வரல. அது சரியாக எத்தனையோ வருஷம் ஆச்சு. அதனாலதான் இந்தத் தடவ கமிட்டியில ஒருமனசா முடிவு பண்ணினோம். தெருவுல எல்லாரும் ஒரே அளவுதான் சொல்லணும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது."

"மார்பளவுன்னு எப்படி முடிவாச்சு?"

"கழுத்தளவுன்னு ஒரு பிரேரணை வந்தது. முழங்காலளவுன்னு ஒண்ணு வந்தது. ரெண்டுக்கும் நடுவுல நின்னோம்."

"யாரு மார்பு, அண்ணாச்சி?" என்றான் ஜெஃப்ரி. "ஒங்க மார்பா, என் மார்பா? ரெண்டுக்கும் அரையடி வித்தியாசம் இருக்கே."

"மினிட்ஸ்ல அது இல்ல, தம்பி."

பிரத்யும்னன் கண்களை மூடித் திறந்தான். ஒரு கமிட்டி கூடி, பிரேரித்து, ஆமோதித்து, வெள்ளத்தின் உயரத்தை நிர்ணயித்திருக்கிறது. சமாதானத்துக்காகச் செய்யப்பட்ட காரியம். அந்த ஊரில் சமாதானம் நிலவுகிறது. கணக்கில்தான் தண்ணீர் சாய்ந்து நிற்கிறது.

"கழுவாத, சுண்ணாம்பு அடிக்காத சுவர் ஏதாவது இருக்கா?"

"இல்ல. எல்லாம் அடிச்சாச்சு."

"உள்பக்கம்?"

தேவபிரசாதம் விடை சொல்வதற்குள் வாசலில் தேவமணியின் குரல் கேட்டது. விடுதியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"கிருபாநிதி வீடு இருக்கே, ஆத்துப் பக்கம் எங்க வீட்டுக்கு அடுத்த வீடு. வெள்ளத்துக்கு மொதநாளே குடும்பத்தோட சென்னைக்குப் போனவுக, திரும்பவே இல்ல. வெளியதான் வெள்ளையடிச்சிருக்கு. உள்ள யாரும் போகல."

"சாவி?" என்றான் பிரத்யும்னன்.

"தேடணும் சார்" என்றார் தேவபிரசாதம்.

"ஒங்க சட்டப்பையிலதான கெடக்கு, அண்ணாச்சி. என்னத்தத் தேடப் போறிய?"

அவர் எழுந்தார். ஜெஃப்ரியும் தேவமணியும் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, பிரத்யும்னனின் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அந்த வீட்டத் தொறக்காதிய, சார்."

"ஏன்?"

"தொறந்தா என் வீடு பச்சைக்கு வந்துரும். கோயிலுக்கு இந்தப் பக்கம் இருக்குற அம்புட்டு வீடும் வந்துரும். எனக்கு லாபந்தான். தெரிஞ்சுதான் சொல்லுதேன். தொறக்காதிய."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. தரை ஏழடி இறங்குகிறது. மேல்முனையில் தண்ணீர் குறைந்தால் கீழ்முனையில் அது என்னவாகும் என்பதைப் பிரத்யும்னன் நேற்றே கணக்கிட்டிருக்க வேண்டும். கணக்கிட்டுத்தான் இருந்தான். தேவமணி சொன்ன ஆர்மோனியக் கதையைக் கேட்டபோது அந்தக் கணக்கின் கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தான்.

"அளக்கச் சொன்னது அவங்கதான், சார்" என்றான்.

"அவளுக்குத் தெரியாது."

"அண்ணாச்சி, வெயில் ஏறுது" என்று தெருவிலிருந்து தேவமணி கூப்பிட்டார்.

பூட்டு துருவேறியிருந்தது. தேவபிரசாதம் சாவியை நுழைத்து மெல்லத் திருப்பினார். திறக்காதென்றே கொஞ்ச நேரம் நம்பினார். பிறகு ஜெஃப்ரி வாங்கித் திருப்பினான்.

உள்ளே சேறு காய்ந்து, பாளம்பாளமாக வெடித்து, பதிக்காத ஓடுகள்போல் தரை முழுவதும் கிடந்தது. கட்டில் மிதந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒரு காலை ஊன்றி நின்றது. வெள்ளம் அதை அங்கே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. மூடிய அறையின் புழுக்கத்தில் ஆற்று மண்ணின் வாடை இன்னும் இருந்தது. நால்வரும் சுவரில்தான் கறையைத் தேடினார்கள். முதலில் மார்புக்கு நேரே.

அங்கே இல்லை. மார்புக்கு நேரே இருந்த சுவரும் அதற்கு மேலிருந்த சுவரும் ஒரே மண்நிறம். ஜெஃப்ரிதான் முதலில் தலையை உயர்த்தினான். பரண் பலகைக்கு ஒரு சாண் கீழே, நான்கு சுவர்களையும் சுற்றி, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கோடு ஓடியது. அதன்கீழ் எல்லாம் பழுப்பு. அதன்மேல் பழைய வெளிர்நீலம். அந்தத் தெருவில் பிரத்யும்னன் பார்த்த முதல் மட்டமான கோடு அதுதான். தண்ணீர் சாயவில்லை. அது எப்போதும்போலத்தான் நின்றிருக்கிறது. அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

தேவமணி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இது கிருபாநிதி வீட்டு அளவு. எங்க வீடு வேறயா இருக்கும்லா சார்?"

"அளந்துரலாம்" என்றான் அவன்.

மெஷினைத் தெருவின் நடுவில் நிறுத்தினார்கள். ஜெஃப்ரி முதலில் கிருபாநிதியின் வீட்டுக்குள் கோட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து, தரையில் ஸ்டாஃபை நிறுத்தினான். திறந்த கதவின் வழியாகப் பிரத்யும்னன் படித்தான். பிறகு ஜெஃப்ரி அடுத்த வீட்டுக்குப் போனான். அதை வீடென்று சொல்ல, நான்கு சுவர்கள் மட்டும் இருந்தன. செங்கல் வேலை, பூச்சில்லை, கதவுக்கு மேல்மட்டம்வரை ஏறி நின்றுவிட்டது. மேலே வானம். வாசலுக்கு நிலை மட்டும் வைத்திருந்தார்கள். நிலையின் நெற்றியில், வைத்த அன்று ஆயர் ஜெபித்துப் பூசிய எண்ணெயின் தடம் கருத்திருந்தது.

காற்று கூரையில்லாத சுவர்களுக்குள் இறங்கிச் சுழன்றது. ஜெஃப்ரி ஸ்டாஃபைத் தன் நெஞ்சோடு அணைத்து நின்றான். பிரத்யும்னன் படித்தான், கூட்டினான், கழித்தான். தவறியிருக்குமோ என்று மெஷினை இடம் மாற்றி வைத்து, ஆரம்பத்திலிருந்து மறுபடியும் படித்தான். விடை மாறவில்லை. சொல்வதற்குப் பதிலாக அவன் உள்ளே போய், ஸ்டாஃபில் வெள்ளம் நின்ற எண்ணை மேலே சுட்டிக்காட்டினான். ஜெஃப்ரி கையை உயர்த்தினான், எட்டவில்லை. ஒரு செங்கல் அடுக்கின்மேல் ஏறி நின்று உயர்த்தினான். அவன் விரல் சுவரின் கடைசிக் கல்வரிசையையும் தாண்டி, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.

"இங்கன, சார்."

தேவமணி சுவரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், இடையில் இருந்த வானத்தைப் பார்த்தார்.

"செவரு போதல, என்ன" என்றார்.

பிரத்யும்னன் முறையை விடாமல், அதே மட்டத்தைத் தெருவின் மேல்முனைக்கும் கொண்டுபோய்ச் சரிபார்த்தான். வெள்ளம் தேவபிரசாதத்தின் வீட்டு வாசலில் இரண்டாம் படியை நனைத்திருக்கிறது. ஆர்மோனியத்தை அது தொடவில்லை. அந்தப் பகுதியில் அவர் சொன்னதெல்லாம் சரி, தேவமணி சொன்னதும் சரி.

அவர்கள் திரும்பி வந்தபோது தேவமணி தன் வீட்டுக்குள், கொட்டிக் கிடந்த மணலின்மேல் உட்கார்ந்திருந்தார். தேவபிரசாதம் நிலைக்கு வெளியே நின்றார். வீடு பாதியில் இருந்தாலும் கூப்பிடாமல் உள்ளே போகமாட்டார்.

"நீங்க அன்னைக்கு எங்கன நின்னிய, அண்ணாச்சி?"

"கோயில் மாடியில. எல்லாரும் அங்கனதான் நின்னோம். ராத்திரி ஒண்ணும் தெரியல. விடிஞ்சு பாத்தா கிருபாநிதி வீட்டு மொட்டமாடியும் அதுக்குக் கீழ ரெண்டடிச் செவரும் மட்டும் தெரிஞ்சுது. ஒன் வீட்டக் காணல."

"ரெண்டு வருஷமா மார்பளவுன்னு சொன்னிய."

"ஒனக்குச் சொல்லல தேவமணி. கணக்கெடுக்க வந்தவன்கிட்டச் சொன்னோம்."

"அப்ப நானும் பக்கத்துலதான நின்னேன். எனக்கும் காது இருந்துதே."

தேவபிரசாதம் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்களிடம் மார்பளவு என்று சொன்ன தெரு, சொன்னது மாறிவிடக் கூடாதே என்று தனக்குள்ளும் அதையே சொல்லிப் பழகியிருந்தது. கூடுதல் என்று தெரிந்த மேல்முனைக்காரர்கள் அதைச் சொல்லித் தமக்குள் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட தேவமணி, தன் வீட்டிலும் தண்ணீர் குறைவாகத்தான் வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கீழ்முனையில் திருத்திச் சொல்ல ஆளில்லை. கிருபாநிதி சென்னையில் இருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த எடத்துலயே கட்டியிருக்க மாட்டேன், அண்ணாச்சி" என்றார் தேவமணி. "எங்கயாவது ரெண்டு செண்டு பாத்திருப்பேன். எல்லாத்தையும் கொண்டாந்து இதுக்குள்ள போட்டுட்டேன்."

"நீ அஸ்திவாரம் தோண்டும்போது சொல்லணும்னு வந்தேன். நான் ஜெபம் பண்ண வந்திருக்கேன்னு நெனச்சு நீ நாற்காலி போட்ட. உக்காந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டேன்."

ஜெஃப்ரி மெஷினைப் பெட்டிக்குள் வைப்பதில் அளவுக்கு மீறிய கவனம் செலுத்தினான்.

தேவபிரசாதம் பிரத்யும்னனின் பக்கம் திரும்பினார். "சார், நான் ஒண்ணு சொல்லுதேன். பழைய கணக்கே இருக்கட்டும். தெரு முழுக்கச் செவப்பாவே கெடக்கட்டும். எல்லாரும் சேந்து கலெக்டர்ட்ட போறோம், கோர்ட்டுக்குப் போறோம். அம்புட்டுப் பேரும் போனா யாராவது கேப்பான். நீங்க பிரிச்சுட்டா மேல இருக்குறவன் ஒருத்தனும் வரமாட்டான். இவ ஒத்தையா நிப்பா. எனக்கு எங்க ஆளுகளத் தெரியும்."

பிரத்யும்னனுக்கு அந்த வாதத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. அதுதான் அவனைக் களைப்படையச் செய்தது. பொய்யான மட்டம் ஒரு தெருவைச் சேர்த்து வைத்திருக்கிறது. சரியான மட்டம் அதைப் பிரிக்கும். அவனுடைய அறிக்கையில் இதற்கு ஓர் இடமும் இல்லை.

"சார்" என்று தேவமணி கூப்பிட்டார். "நீங்க இத எழுதாம விட்டா எனக்கு அப்ரூவல் வருமா?"

"வராது. தெரு முழுக்கச் சிவப்பு."

"எழுதினா?"

"மேல்பாதிக்கு வரும். நடுவுல சில வீடு ஆரஞ்சு. உங்களுக்கும் கிருபாநிதிக்கும் வராது."

"கோர்ட்டுக்குப் போனா?"

"போகலாம். முடிய நாளாகும்."

"மே மாசத்துக்குள்ள?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"அப்ப எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுதுங்க." அவர் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "மத்தவுகளாவது மாடி எடுக்கட்டும். அடுத்த தடவ ஏறி நிக்க எடம் வேணும்லா."

"மாற்று இடம் தரணும்னு உங்க பேர்ல தனியா பரிந்துரை எழுதறேன்மா."

"எழுதினா கெடைக்குமா?"

"எழுதறேன்" என்றான் அவன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது கமிட்டியின் மார்பளவுபோல ஆகிவிடும்.

தேவமணி அதைப் புரிந்துகொண்டவர்போல் தலையசைத்தார். "அப்ப இந்தச் செவர யாரு இடிக்கணும் சார்? நானா, நீங்களா?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"அவுகளாவது கதவத் தட்டிட்டு வருவாவளா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் வெளியே வந்தார்.

வேலை நின்ற நாளிலிருந்து கொத்தனார் சுடலைக்கண்ணன், எதற்கும் இருக்கட்டுமென்று, காலையில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்று வண்டி நிற்பதைப் பார்த்து, வேலை தொடங்கப்போகிறது என்று நினைத்து, கரண்டியோடு வந்திருந்தார். எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரண்டியைப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணா அண்ணாச்சி, அந்த நெலையக் கழத்திருங்க."

"நெலையையா? சுத்திச் செவரு வந்துட்டே தாயி. கல்ல ஒடச்சாத்தான் வரும்."

"ஒடைங்க. வேப்பமரம். ஐப்பசி மழையில நனைஞ்சா வீணாப்போவும்."

அவர் பிரத்யும்னனை ஒருமுறை பார்த்தார். மாற்றுச் சொல் ஏதாவது வருமா என்று. வரவில்லை. நிலையின் பக்கத்துக் கல்லில் கரண்டியின் பிடியால் தட்டிப் பார்த்தார். சிமெண்டு நன்றாகப் பிடித்திருந்தது. அவரே வைத்தது.

"கழத்தி எங்கன வைக்க?"

தேவமணி தெருவை மேல்நோக்கிப் பார்த்தார். வெள்ளைச் சுவர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, தேவாலயம்வரை போயின.

"செயலர் அண்ணாச்சி வீட்டுல வையுங்க. அங்கன தண்ணி வராதுன்னு இன்னைக்குச் சார் அளந்து சொல்லிட்டாவ."

தேவபிரசாதம் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் தன் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டே, தெருவின் ஏற்றத்தில் முன்னால் நடந்தார்.